மானத்துக்கண்ணிக்கு ஏற்ற பாசி

"ஒரு மீன் செத்தாலும் சரி, அதோட இந்தப் பேச்சு தீந்துது" ண்ணு ஜெபசீலன் மூப்பரு சொன்னாரு. சபைக் கமிட்டி மொத்தமும் தலையை ஆட்டிச்சு. எங்க வீட்டுக்காரவியளும் கூடச் சேந்து ஆட்டினாவ. அதைப் பாத்ததும் எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சி வரைக்கும் பத்திக்கிட்டு வந்துது. நான் கமிட்டியில கிடையாது, பொம்பளை, வாசப்படிக்கு வெளியதான் நிக்கலாம். நிண்ண இடத்துல இருந்தே சொன்னேன், ஒண்ணும் சாகாது, எண்ணிப் பாத்துக்கிடுங்கண்ணு. சொல்லி முடிச்ச பிறகுதான் யோசிச்சேன். மீனை நான் அதுவரைக்கும் சட்டியில தவிர வேற எங்கயும் வச்சுப் பாத்தது கிடையாது.

பேச்சிப்பாறைக்குக் கீழ, கால்வாய்க் கரையில உள்ள சின்னச் சபை எங்களுக்கு. எங்க வீட்டுக்காரவிய அங்க உபதேசியார். பேரு ஞானசிங். பேருலதான் சிங்கம், ஆளு பசு. கோயில் வளவுக்குள்ள வாயகலமான பழைய கிணறு ஒண்ணு உண்டு, படி வச்சுக் கட்டினது. வெள்ளம்ணா எங்க பக்கத்துல தண்ணிதான், நல்ல ருசி. வளவைச் சுத்தி இருக்கிற அத்தனை வீட்டுக்கும் குடிக்க அதுதான், ஞானஸ்நானத்துக்கும் அதுதான், அறுப்புப் பண்டிகைக்குச் சபை முழுக்க உக்காந்து சாப்பிடுற விருந்துக்கு உலை வைக்கவும் அதுதான். ஆனா குனிஞ்சு பாத்தா, கல்லு இடுக்கெல்லாம் கொசுப்புழு நெளியும். பொழுது சாஞ்சா கிணத்துக்குள்ள இருந்து புகை மாதிரி கொசு எழும்பும்.

கொல்லம் ஆயிரத்து நூத்திப் பத்துல, இங்கிலீசு வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தினாலுல, கன்னிப்பூ நெல்லு அறுப்பு சமயத்துல நடந்த காரியம் இது. அதுக்கு முந்தின மழையில குளிர்காச்சல் எங்க வளவுல ஒரு வீட்டையும் விடல்ல. மூப்பரு வீட்டுக் கடைக்குட்டி குளோரி முதல்ல போனா. அவ போயி ஒரு மாசத்துல எனக்க மூத்த பிள்ளை ஆபேல் போனான். கோயிலுக்குப் பின்னால ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துலதான் வச்சிருக்கு. எனக்கு மிச்சம் எலிசா ஒருத்தி. நாலு வயசு. அவளுக்கும் இப்பம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல்லு கிட்டும், எத்தனை கம்பளி போட்டாலும் கட்டிலு குலுங்கும், பிறகு உடம்பு அடுப்பாக் கொதிக்கும். கொய்னா மருந்து குடுத்தா நிக்கும். நாலு நாளு நல்லா இருந்து விளையாடுவா, பிறகும் வரும். ஆபேலுக்கும் இப்படித்தான் வந்து வந்து போச்சு.

நாகர்கோவில்ல இருந்து வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் கிணத்தை எட்டிப் பாத்துட்டு, கொய்னா மட்டும் குடுத்துக்கிட்டு இருந்தா ஆயுசுக்கும் குடுக்க வேண்டியதுதாண்ணு சொன்னாரு. இதுல மானத்துக்கண்ணி விடுங்க, கொசுப்புழு ஒண்ணு பாக்கி இருக்காதுண்ணாரு. மானத்துக்கண்ணி நம்ம கால்வாயிலயும் வயல் ஓடையிலயும் கிடக்கிற சின்ன மீன்தான், விரல் நீளம் வரும். எப்பவும் வெள்ளத்துக்கு மேல்மட்டத்துலயே கண்ணை வானத்துப் பக்கம் வச்சுக்கிட்டு நிக்கும். நெத்தியில வெள்ளிப் பொட்டு மினுங்கும்.

மூப்பரு முடியாதுண்ணுட்டாரு. அவரு சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்துது, அதைச் சொல்லாம விட்டா பொய்யாப் போகும். போன வருஷம் யாரோ மண்ணெண்ணெய்த் தகரத்துல மீன் கொண்டாந்து கிணத்துல கவுத்துட்டுப் போனானுவ. வெயில்ல வெந்து பாதி உயிரா வந்த மீனு. மறுநாளே எல்லாம் செத்து மிதந்து, கிணறு நாறி, மொத்த வெள்ளத்தையும் இறைச்சுக் கொட்ட வேண்டியதாப் போச்சு. பண்டிகை நெருங்குற நேரத்துல இனியும் அந்தக் கூத்து வேண்டாம், காச்சல் வாறதும் போறதும் தேவ சித்தம்ணு அவரு ஒரே பிடியா நிண்ணாரு.

இன்ஸ்பெக்டரும் விடல்ல. இதே கிணத்து வெள்ளத்தை ஒரு கண்ணாடித் தொட்டியில ஊத்தி, மீனை விட்டுக் கோயில் வராந்தாவுல வைப்போம், எல்லாரும் பாக்கட்டும்ணாரு. அப்பமாக்கும் மூப்பரு அந்த நிபந்தனையைப் போட்டது. பண்டிகை ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்ட மீனு அத்தனையும் உயிரோட இருந்தா கிணத்துல விடலாம். ஒண்ணு செத்தாலும் தொட்டி வந்த வண்டியிலயே திரும்பிப் போகணும். 

இரும்புச் சட்டம் போட்ட தொட்டி மாட்டுவண்டியில வந்து இறங்கிச்சு. ஆறு மானத்துக்கண்ணி. பாத்துக்கிடுற பொறுப்பு என் தலையில. இன்ஸ்பெக்டர் போகும்போது, நீர்ச்செடி ஏதாவது போடுங்க, அதுதான் மீனுக்கு மூச்சுண்ணாரு. ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம், அதுக்க வேருல யானைக்கால் நோய்க் கொசு குடியிருக்கும்ணும் சொன்னாரு. அவ்வளவுதான், வண்டியேறிப் போயாச்சு. ஏதாவதுண்ணா என்னது? தோட்டத்துல கீரை பாவுற மாதிரி எதையாவது தூவினாப் போதுமா? அந்த 'ஏதாவது' என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்ல, கேட்டியளா.

கோயில் வராந்தா ஆச்சே, பாக்க அழகா இருக்கட்டும்ணு முதல்ல குளத்துல இறங்கி ஆம்பல் அறுத்துக் கொண்டாந்தேன். ரெண்டு பூவு, நாலஞ்சு இலை. தண்டை அறுத்துத்தான் கொண்டாந்தேன், கிழங்கோட பறிக்கல்ல. வச்ச அண்ணைக்குக் கோயிலுக்கு வந்த பொம்பளைய எல்லாம் நிண்ணு பாத்துட்டுப் போனாளுவ. எனக்கும் பெருமைதான். ரெண்டு நாளையில தண்டு கொழகொழண்ணு ஆயி, வெள்ளம் அரிசி கழுவின வெள்ளம் மாதிரிக் கலங்கி, மூக்கை அடைக்கிற ஒரு நாத்தம். மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைப் பிளக்குது. ஒண்ணு தலைகுப்புறச் சரிஞ்சுக்கிட்டு நிக்குது.

மூப்பரு தினம் காலையில ஜெப மணி அடிக்கிறதுக்கு முன்னால வருவாரு. கம்பைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, தொட்டி முன்னால குனிஞ்சு, விரலை நீட்டி ஒண்ணு ரெண்டுண்ணு எண்ணுவாரு. ஆறு வந்தா எழும்பிப் போவாரு. அண்ணைக்கு அவரு வாறதுக்குள்ள நான் ஆம்பலை வாரி எறிஞ்சு, பாதி வெள்ளத்தை மாத்தி, சரிஞ்சு நிண்ணதைக் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிண்ணேன். அவரு எண்ணினாரு. ஆறு இருந்துது. "நாறுது" ண்ணு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அறுத்த செடி சாகத்தான் செய்யும், செத்தது அழுகத்தான் செய்யும், இது தெரியாமலா இத்தனை வருஷம் வெத்தலைக் கொடி வளத்தேண்ணு என்னையே நான் ஏசிக்கிட்டேன்.

அடுத்தாப்புல கால்வாயில இருந்து வேலம்பாசி கொண்டாந்தேன். கொடியாக் கிடக்கும், மெலிஞ்ச பச்சை இலை. அது வேர் பிடிச்சுத்தான் வாழணும்ணு இல்ல, மிதந்தாலும் வாழும். தொட்டியை இழுத்துக் கிழக்குப் பக்கத்து வெயில்ல வச்சேன். காலை வெயிலு விழுந்ததும் இலைக்கு இலை சின்னச் சின்னக் குமிழி விட்டுது. மீனு வாயைப் பிளக்கிறதை நிறுத்திச்சு. ஓடிச்சு, திரும்பிச்சு, பாசிக்குள்ள பூந்து ஒண்ணை ஒண்ணு துரத்திச்சு. இதுதானடா மூச்சுண்ணு சொன்னது, இப்பமல்லா புரியுதுண்ணு நான் அங்கயே உக்காந்துட்டேன். அண்ணைக்கு எலிசாவுக்கும் காச்சல் இல்ல. ரெண்டும் ஒண்ணா வந்ததுல எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு.

அந்தச் சந்தோசம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்கூட நிக்கல்ல. எட்டிப் பாத்தா, ஒரு மீனு பாசிக்குள்ள துடிக்குது. அதுக்க வாலை என்னவோ ஒண்ணு பிடிச்சிருக்கு. மண்ணு நிறம், ஆறு காலு, தட்டையான தலை. பாசியோட வந்த தும்பிப்பூச்சிக்க குஞ்சு. பறக்க முளைக்கிற வரைக்கும் அது வெள்ளத்துக்குள்ளதான் கிடக்கும், கிடைச்சதை எல்லாம் திங்கும். கையை விட்டுப் பிடிச்சு நசுக்கிப் போட்டேன். மீனுக்க வாலு பாதி கிழிஞ்சு போச்சு, ஆனா நீந்திச்சு. பாசி மொத்தத்தையும் வெளிய எடுத்து, வெள்ளை வேட்டியை விரிச்சு, அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி ஒவ்வொரு இழையா உருவிப் பாத்தேன். இன்னும் ரெண்டு குஞ்சு இருந்துது. எலிசா பக்கத்துல உக்காந்து, அம்மா அதை ஏன் கொல்லுதியண்ணு கேட்டா. நம்ம மீனைத் திங்க வந்துது மக்களேண்ணு சொன்னேன்.

காலையில எண்ணும்போது மூப்பரு கிழிஞ்ச வாலைப் பாத்தாரு. பாத்துட்டு என் முகத்தைப் பாத்தாரு. சாகல்லியே மூப்பரேண்ணு நான் கேட்டேன். சாகல்ல, சரிண்ணாரு.

பிறகு ஒரு நாள் அடுத்த இடி. எலிசாவுக்குக் குளிரு வந்து, நான் அவமேல விழுந்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், எங்க வீட்டுக்காரவிய ஓடி வந்து, மீனு ஒண்ணு தரையில கிடக்குண்ணாவ. பிள்ளையைப் போட்டுட்டு ஓடினேன். மானத்துக்கண்ணி துள்ளுற சாதி, மேல திறந்து கிடந்தாக் குதிச்சிடும்ணு அண்ணைக்குத்தான் தெரிஞ்சுது. வராந்தாத் தரையில, மேலெல்லாம் மண்ணு ஒட்டி, எறும்பு சுத்தி வந்தாச்சு. தூக்கி வெள்ளத்துல போட்டா அசையல்ல. விரலால தட்டினேன். ஏ சவமே, எழும்பு, எம்பிள்ளை கிடந்து குலுங்குறா, நீயும் என்னைக் கொல்லாதேண்ணு கத்தினேன். பைய ஒரு செவுளு அசைஞ்சுது. அழுதுக்கிட்டே திரும்பப் பிள்ளைக்கிட்ட ஓடினேன்.

துணி போட்டு மூடினா வெயில் இல்லாமப் பாசி மஞ்சளிக்குது. திறந்து வச்சா மீனு குதிக்குது. மேல மறைவு வேணும், ஆனா வெளிச்சம் இறங்கணும். இதுக்கு ஆகாயத்தாமரையை விடத் தோதானது ஒண்ணும் கிடையாது, ரெண்டு குத்து போட்டாப் போதும். குளத்துக்குப் போயி ஒண்ணைக் கையில எடுத்தும் பாத்தேன். வேரு குஞ்சலம் மாதிரித் தொங்கிச்சு. ஒரு நோயை ஓட்டுறதுக்கு இன்னொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வரவாண்ணு தோணிச்சு. தூக்கி எறிஞ்சுட்டு வந்தேன்.

கடைசியில எனக்கு வழி காட்டினது கஞ்சிக்கு வைக்க நினைச்ச கூட்டுதான். எலிசாவுக்கு வாயி கசப்புண்ணு ஆரக்கீரை பறிக்க வயலுக்குப் போனேன். வரப்போரம் தேங்கின வெள்ளத்துல கீரை படர்ந்து, நாலு நாலு இலையா மேல விரிச்சிருக்கு. அதுக்கு அடியில, நிழலுல, ஒரு மானத்துக்கண்ணி ஆடாம அசையாம நிக்குது. நான் பறிக்கிறதை விட்டுட்டு நிண்ணேன். இதுதான் அதுக்கு வீடு, இங்க வந்து பாக்காம நான் எங்கெல்லாமோ தேடிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். வேரோட, சேத்தோட பிடுங்கி, நாலு தேங்காச் சிரட்டையில நட்டு, தும்பிக் குஞ்சு இருக்காண்ணு ஒவ்வொரு தண்டாப் பாத்து, தொட்டிக்கு அடியில இறக்கினேன். ரெண்டு நாளையில தண்டு நீண்டு, இலை மேல வந்து விரிஞ்சுது. அடியில வேலம்பாசி மூச்சு விட, மேல ஆரக்கீரை குடை பிடிக்க, மீனு குதிக்கிறதையே மறந்துபோச்சு.

நாலு இலையும் சேந்து சிலுவை மாதிரி இருக்குண்ணு சபைப் பொம்பளையளுக்கு ஒரே சந்தோசம். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நான் கிணத்துல இருந்து ஒரு செம்பு வெள்ளம் கோரி, எல்லாருக்கும் காட்டினேன். அதுல புழு துள்ளிக்கிட்டு நெளிஞ்சுது. அதைத் தொட்டியில ஊத்தினேன். ஒரு கீர்த்தனை பாடி முடிக்கிற நேரம்கூட ஆகல்ல, ஒரு புழு மிச்சம் இல்ல. நாம இதையா குடிச்சோம்ணு யாரோ கேட்டாவ. மூப்பரு கூட்டத்துக்குப் பின்னால நிண்ணு எல்லாத்தையும் பாத்தாரு. கம்பை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. அவரு மனசுல என்னதான் இருக்குண்ணு எனக்குப் பிடி கிடைக்கல்ல. பிடிவாதக் கிழவன்ணு மட்டும் நினைச்சுக்கிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. அண்ணைக்குக் கோயிலைக் கழுவி அலங்காரம் பண்ணுறது எங்க சபைப் பொம்பளையளுக்க வேலை. வாசலுக்குக் குலைவாழை, தூணுக்குத் தென்னங்குருத்து, பீடத்துக்கும் பிரசங்க மேடைக்கும் குரோட்டன். துரைமாரு பங்களாத் தோட்டத்துல இருந்து சிவப்பும் மஞ்சளுமாக் கொப்பு கொப்பா வெட்டிக் கொண்டாருவோம். குரோட்டன் இல்லாத பண்டிகை எங்களுக்குக் கிடையாது, ஜாடிண்ணு எதைக் கண்டாலும் அதுல ஒரு கொப்பு குரோட்டன் சொருகாமக் கையி நிக்காது. மூப்பருக்க வீட்டுக்காரி நேசம்மாளக்காதான் இதுக்கெல்லாம் தலைமை. நான் எலிசாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயிலுக்குப் போனேன்.

வராந்தாவுல என் பாசியும் கீரையும் ஒரு குவியலாத் தரையில கிடக்கு. தொட்டி நிறையக் குரோட்டன். வெட்டின கொப்புல இருந்து பாலு கசிஞ்சு, வெள்ளத்துல நூலு நூலா இறங்குது. ரெண்டு மீனு அடியில மல்லாந்து கிடக்கு. மத்தது சுத்திச் சுத்தி வந்து கண்ணாடியில முட்டுது. எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. குரோட்டனைப் பிடுங்கி முற்றத்துல எறிஞ்சேன். யாரு வச்சதுண்ணு நான் கேட்ட சத்தத்துல, பாயி விரிச்சுக்கிட்டு இருந்தவளுவ எல்லாம் அப்படியே நிண்ணாளுவ.

நேசம்மாளக்கா ஈரக்கையோட வந்து, நாந்தான் வச்சேன்ணா. நான் கோயில்ல வச்சு ஒரு பொம்பளையைப் பாத்துச் சொல்லக்கூடாத பேச்செல்லாம் சொன்னேன். உம்ம ஆம்பளைக்கு எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு, அதான் உம்மைக் கொல்ல அனுப்பினாராண்ணு கேட்டேன். அவ அழல்ல. என் கையைப் பிடிச்சுத் தூணுக்கு அங்கிட்டு கூட்டிக்கிட்டுப் போனா.

"ஏட்டி, நான் எதுக்குக் கொல்லணும்? பாக்க அழகா இருந்தா அவருக்க மனசு இளகும்ணு நினைச்சுல்லா வச்சேன்" ண்ணா. பிறகு சத்தத்தைத் தாழ்த்தி, "அவரு ஒத்துக்கிடுறாருண்ணு வை. ஒரு பிடி மீனு போதும், காச்சல் வந்திருக்காதுண்ணு ஆயிட்டா, எங்க குளோரி சும்மாதானே செத்தாண்ணு ஆயிரும். அதைத் தாங்க அவருக்கு நெஞ்சு இல்ல மக்கா" ண்ணா.

மீனு சாகுது, பேச நேரம் இல்ல. ரெண்டு பேருமாக் கிணத்துக்கும் தொட்டிக்கும் குடம் குடமாச் சுமந்தோம். பாலு கலந்த வெள்ளத்தை மொத்தமும் கொட்டி, புது வெள்ளம் ஊத்தி, பாசியை அலசி உள்ள விட்டோம். ஒவ்வொரு மீனையும் உள்ளங்கையில வச்சு வெள்ளத்துல முன்னும் பின்னும் ஆட்டினோம். ஒண்ணு ஒண்ணாச் செவுளு அசைஞ்சுது. அஞ்சு பிழைச்சுது. வாலு கிழிஞ்சது மட்டும் எழும்பல்ல.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரவியகிட்ட, கால்வாயில போயி இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு வாங்க, யாருக்குத் தெரியப்போவுதுண்ணேன். எனக்குத் தெரியும் ராஜம், நாளைக்குப் பிரசங்கமும் நாந்தானேண்ணாவ. கையில இருந்த அகப்பையை அடுப்புக்குள்ள எறிஞ்சேன். பிள்ளையை விடப் பிரசங்கம் பெருசாண்ணு கேட்டேன். அவிய எலிசாவுக்க பக்கத்துல போயி உக்காந்து அவளுக்க காலைத் தடவிக்கிட்டு இருந்தாவ. எனக்கு அவியமேல உள்ள கோபமும் தீரல்ல, அவிய சொன்னது தப்புண்ணும் சொல்ல முடியல்ல.

காலையில மூப்பரு எண்ணினாரு. அஞ்சு வந்துது. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு பிறகும் எண்ணினாரு. அவருக்குச் சந்தோசமா இருக்கும்ணு நினைச்சுக்கிட்டு நிண்ணேன், அப்படி ஒண்ணும் அந்த முகத்துல இல்ல. ஒண்ணு போச்சேண்ணாரு. வெள்ளம் கொல்லல்ல, குரோட்டன் கொன்னுதுண்ணேன். யாரு வச்சாண்ணு கேட்டாரு. நேசம்மாளக்கா வாசல்ல பூவோட நிண்ணா. நான் திறந்த வாயை மூடிக்கிட்டேன். என் ஆயுசுல அது முதல் தடவை.

அண்ணைக்கு எலிசாவுக்குக் காச்சல் வாற முறை நாளு. பிரசங்கம் பாதியில அவளுக்குக் குளிரு வந்துது. என் மடியில கிடந்து பல்லு அடிக்கிற சத்தம் முன்னால இருக்கிறவியளுக்கும் கேட்டுது. ஒவ்வொருத்தரும் திரும்பித் திரும்பிப் பாத்தாவ. ஆராதனை முடிஞ்சு, காணிக்கையா வந்த பூசணியும் சேனையும் ஏலம் போட்டு முடிஞ்சுது. மூப்பரு படியில நிண்ணு, சொன்ன நிபந்தனை நிபந்தனைதான், மீனு ஒண்ணு செத்தாச்சு, தொட்டி நாளைக்குத் திரும்பிப் போகும், இனி இந்தக் கிணத்துல மீன்ங்கிற பேச்சை யாரும் எடுக்கக்கூடாதுண்ணாரு.

நான் எலிசாவை அவ அப்பனுக்க கையில குடுத்தேன். வராந்தாவுக்குப் போயி, குடத்தைத் தொட்டியில முக்கினேன். பாசியோட, கீரையோட, சிரட்டை வேரோட வாரி, அஞ்சு மீனும் குடத்துக்குள்ள வந்துட்டுதாண்ணு பாத்தேன். இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தேன். கூட்டம் விலகிச்சு.

"ராஜபாய், நில்லு" ண்ணு மூப்பரு பின்னால இருந்து சொன்னாரு.

"எம்பிள்ளைக்குக் காச்சல் நிக்கட்டும் மூப்பரே, பிறகு நானும் நிக்கேன்" ண்ணு சொல்லிட்டு, கிணத்துப் படியில இறங்கி, குடத்தை வெள்ளத்தோட வெள்ளமாச் சரிச்சேன். மானத்துக்கண்ணி அஞ்சும் ஒரு நொடி பாசிக்குள்ள நிண்ணுது. பிறகு கல்லு இடுக்கைப் பாத்துப் போச்சு.

மூப்பரு பின்னாலயே வந்தாரு. இனி இந்த வெள்ளத்தை யாரும் தொடப்பிடாது, பண்டிகைச் சோறு இதுல வேகாதுண்ணாரு. உலை வைக்கிற பெரிய வார்ப்புப் பாத்திரம் ரெண்டும் அடுப்புல ஏத்தியாச்சு, விறகு எரியுது, வெள்ளம் இன்னும் ஊத்தல்ல. அடுத்த கிணறு கால்வாய்க்கு அக்கரையில. முன்னூறு பேரு பசியோட நிக்கானுவ. ஒருத்தரும் அசையல்ல. கமிட்டிக்காரங்க தரையைப் பாத்துக்கிட்டு நிண்ணாவ.

சோத்துப் பொறுப்பு நேசம்மாளக்காவுக்கு. அவ முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தா. என்னைத் தாண்டிப் படியில இறங்கி, என் கையில இருந்த குடத்தை வாங்கி, கிணத்துல முக்கி எடுத்தா. நேரா அடுப்புக்கிட்ட போயி வார்ப்புல ஊத்தினா. ஊத்திட்டு அவருக்கு நேராத் திரும்பி, "அதைக் கொன்னது நான் வச்ச குரோட்டன். இந்த வெள்ளமில்ல" ண்ணா. பிறகும் கிணத்துக்குப் போனா. மூணாவது குடத்துக்கு வேற ரெண்டு பொம்பளையும் இறங்கினாளுவ. நான் படியிலயே உக்காந்துட்டேன்.

சோறு வெந்துது. பந்தி போட்டாச்சு. பனம்பாயில வரிசையா இலை, இலையில சோறு. எங்க சபையில மூப்பரு ஜெபம் பண்ணாம ஒருத்தரும் இலையில கை வைக்க மாட்டாங்க, சின்னப் பிள்ளையளும் வைக்காது. எலிசா உயிருக்கு அடுத்த மழையிலயும் ஒண்ணும் ஆகல்ல, அதுக்கடுத்த மழையிலயும் ஆகல்ல, ஆனா அது ஒண்ணும் அண்ணைக்கு எனக்குத் தெரியாது. என் மடியில அவ கொதிச்சுக்கிட்டுக் கிடக்கா, இலையில சோறு ஆறிக்கிட்டு இருக்கு, மூப்பரு பந்தித் தலைப்புல நிண்ணுக்கிட்டு வாயைத் திறக்கல்ல. அவரு ஜெபம் பண்ணாம இறங்கிப் போனா அந்தச் சோறு அத்தனையும் குப்பைக்கு, அந்தக் கிணறும் நாளைக்கே இறைச்சுக் காலியாகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவரு நேசம்மாளக்காவைப் பாத்தாரு. அவ பருப்பு வாளியோட நிண்ணா, கண்ணை எடுக்கல்ல. அவரு தலைப்பாகையை அவுத்துக் கக்கத்துல வச்சாரு. பந்தி முழுக்கக் கண்ணை மூடிச்சு. நான் மூடல்ல.

"பரலோகப் பிதாவே, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம்" ண்ணாரு. கிணத்துப் பக்கம் திரும்பினாரு. "இந்த வெள்ளத்துக்காகவும் ஸ்தோத்திரம்" ண்ணாரு. பிறகு, "ஆண்டவரே, நாங்க இதை முன்னமே செஞ்சிருந்தோம்ணா..."

அதுக்கு மேல அவரால முடியல்ல. இத்தனை வருஷத்துல அந்த மனுசன் அழுது நான் பாத்தது இல்ல, குளோரியைக் குழிக்குள்ள இறக்கும்போதும் அழல்ல. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கிட்டு அந்த ஜெபம் முடியக் காத்துக்கிட்டு இருக்கானுவ. அவரு நிண்ணு அழுதாரு.

நேசம்மாளக்கா வாளியைக் கீழ வைக்காமலே, பந்திக் கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி ஆமென் சொன்னா. பொம்பளை ஜெபம் முடிச்சு நாங்க அதுவரைக்கும் கேட்டதில்ல. பிறகு அவ முதல் இலைக்குக் குனிஞ்சு பருப்பு ஊத்தினா, எல்லாரும் சாப்பிட ஆரம்பிச்சாவ.